தோர்கில் வாய் திறந்த பிறகு

ஆர்ஹூஸ் நகரத்தின் மேற்கு ஓரத்தில், புறவழிச் சாலையின் இரைச்சல் கேட்கிற தூரத்தில் எங்கள் தோட்டச் சங்கம் இருக்கிறது. ஆளுக்கு ஒரு துண்டு நிலம், அதில் ஒரு மரக்குடில், கோடை முழுக்க அங்கேதான் குடித்தனம். வேலிச்செடியை மார்பளவுக்கு மேல் வளரவிட்டவனை மனிதக் கணக்கில் சேர்க்காத சங்கம் இது. இந்தச் சங்கம்தான் ஒரு வசந்த காலத்தில், மூளை கரைந்துகொண்டிருந்த ஒருவரைத் தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. நாடுகளே செய்கிற காரியம் என்பதால் யாரும் பெரிதாக வெட்கப்படவில்லை.

அவர் பெயர் தோர்கில். நகராட்சியின் குப்பைப் பிரிப்பு முற்றத்தில் ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டிக்கொண்டு நின்றவர். கார் நிறைய வேண்டாத சாமான்களோடு வருகிற குடிமக்கள் எதை எந்தத் தொட்டியில் போடுவது என்று விழிப்பார்கள். தோர்கில் பேச மாட்டார், விரலை நீட்டுவார். மரம் அங்கே. இரும்பு அங்கே. பழைய பெயின்ட் டப்பாவை வீட்டுக் குப்பையில் ஒளித்துக் கொண்டுவந்தவர்களுக்கு மட்டும் விரல் கொஞ்சம் கடுமையாக நீளும். இன்னும் உயிர் உள்ள நாற்காலி, எரியக்கூடிய விளக்கு, ஒரு காது மட்டும் உடைந்த பொம்மை இவற்றையெல்லாம் தொட்டிக்குள் விழுவதற்கு முன்பே பிடித்து ஓரமாக வைத்துவிடுவார், வேண்டியவர்கள் எடுத்துப்போக. எங்கள் சங்கத்துக் குடில்களில் பாதி நாற்காலிகள் அப்படி அவர் கையில் பிழைத்தவைதான்.

மனைவி போடில் பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளர். “நாள் பூரா திறந்த வாயாப் பாத்துட்டு வீட்டுக்கு வந்தா, மூடின வாய் ஒண்ணு உக்காந்திருக்கணும். அதுக்குத்தான் இவனக் கட்டிக்கிட்டேன்” என்பார். பிள்ளைகள் இல்லை. ஆசைப்பட்டார்கள், வாய்க்கவில்லை.

போடில் இடதுகைக்காரர். தினமும் காலையில் தோர்கில் காப்பி போட்டு, கோப்பையைக் கொண்டுவந்து, கைப்பிடி அவருடைய இடது பக்கம் வரும்படி திருப்பி வைப்பார். கல்யாணமான மறுநாள் தொடங்கிய பழக்கம். அதைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. போடிலைக் கேட்டால், அந்தத் திருப்பலுக்குள்தான் அவர்களுடைய கல்யாணம் முழுக்க இருந்தது. மிச்சமெல்லாம் வாடகையும் உருளைக்கிழங்கும்.

தோர்கில் ஓய்வு பெற்ற முதல் இலையுதிர் காலத்தில், கோப்பை வந்தது, கைப்பிடி வலது பக்கம் இருந்தது. மறந்திருப்பார் என்று போடில் நினைத்தார். மறுநாளும் வலது பக்கம். அதற்கு மறுநாள் கோப்பை ஒன்றுதான் வந்தது, அதை தோர்கிலே குடித்துவிட்டார்.

அதே மாதத்தில்தான் சங்கத்தின் கூட்டு வேலை நாள் வந்தது. பாதையில் சரளைக்கல் கொட்டி முடித்து எல்லோரும் பீர் பாட்டிலோடு நிற்கிறார்கள். அப்போதைய தலைவர் ஃப்ளெமிங் வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தார். மழைநீர் வடிகால் என்ற தலைப்பில் ஃப்ளெமிங் பேசத் தொடங்கினால் மழையே வந்து போய்விடும். திடீரென்று பின்னாலிருந்து, யாருக்கும் பரிச்சயமில்லாத ஒரு குரல்:

“ஃப்ளெமிங், நீ பேச ஆரம்பிச்சா உன் பொண்டாட்டி கண்ண மூடிக்கிறா. கட்டில்லயும் இப்படித்தானா?”

எல்லாரும் திரும்பினார்கள். தோர்கில்! பிறகு வெடித்த சிரிப்பில் பக்கத்துச் சங்கத்து நாய் குரைத்தது. ஃப்ளெமிங்கும் சிரித்தார், பீட்ரூட் நிறத்தில் சிரித்தார். சிரித்துத்தான் ஆகவேண்டும். இந்த ஊரில் ஒருவரை அவமானப்படுத்துவது சின்ன விஷயம். அவமானப்பட்டேன் என்று காட்டிக்கொள்வதுதான் மன்னிக்க முடியாத அநாகரிகம். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டவனுக்கு அடுத்த கோடை வரை யாரும் கத்தரிக்கோல்கூட இரவல் தர மாட்டார்கள்.

அன்று முதல் தோர்கில் சங்கத்தின் பொக்கிஷமாகிவிட்டார். புதிதாக மனை வாங்கிய ஆசிரியர் தம்பதியிடம், “நீங்க ரெண்டு பேரும் சண்டை போடறது எனக்குப் புரியுது. எனக்கும் உங்க ரெண்டு பேரையும் பிடிக்கல” என்றார். சைக்கிள் கடைக்காரரின் வயிற்றைத் தட்டி, “இது எப்ப பிரசவம்?” என்று கேட்டார். கேக் வைத்த மேசை எங்கே இருந்தாலும் தோர்கில் அங்கே இருந்தார், அடுத்தவர் தட்டிலிருந்தும் எடுத்தார். சனங்களுக்கு ஒரே மகிழ்ச்சி.

“முப்பது வருஷமா எல்லாத்தையும் உள்ளயே வெச்சிருந்திருக்கான்யா.”

“குப்பை முற்றத்துல நின்னவனுக்கு மனுசன தெரியாமப் போகுமா?”

“இவன மாதிரி ஒருத்தன் நமக்குத் தலைவனா இருக்கணும். ஃப்ளெமிங் பேசினா தூக்கம் வருது.”

வசந்த காலப் பொதுக்குழுவில், கறுப்பு ரொட்டி மேல் ஊறவைத்த மீனும் முட்டையும் அடுக்கிய தட்டுகளுக்கு நடுவில், தோர்கிலின் பெயர் முன்மொழியப்பட்டது. வழிமொழிந்தவர் உல்லா. இவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தோர்கிலுக்கு அடுத்த மனை அவருடையது, நடுவில் ஒரு வேலிச்செடிதான். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவர். நரம்பு செல்லுக்குள் எந்தப் புரதம் எங்கே போகவேண்டும் என்று பிடித்துப் பிரித்து அனுப்புகிற ஏற்பிகள் சில உண்டு. அவை தடுமாறினால் மூளைக்கு என்னென்ன நோய் வரும் என்று படிப்பதுதான் அவருடைய இருபது வருடப் பிழைப்பு. தோர்கிலின் ஜோக்குகளுக்குச் சங்கத்தில் அதிகச் சத்தமாகச் சிரித்தவரும் அவர்தான். சிரிப்பதற்கு நல்ல தொண்டை.

கைகள் உயர்ந்தன. எதிராக ஒரே ஒரு கை, அதுவும் இடது கை.

“வேணாம்” என்றார் போடில். “இவன் இவனா இல்ல.”

அரங்கமே சிரித்தது. “வீட்டு எதிர்க்கட்சி!” என்று யாரோ கத்தினார்கள். தோர்கில் எழுந்து ஏற்புரை ஆற்றினார்: “மீன் நல்லா இல்ல.” கைதட்டல் ஓயவே இல்லை.

தோற்ற ஃப்ளெமிங்கிற்கு ஆறுதலாகக் கொடிப் பொறுப்பு கொடுத்தார்கள். சங்கத்துக் கொடிக்கம்பத்தில் யார் பிறந்தநாளுக்கு எப்போது ஏற்றுவது, யார் சாவுக்கு எப்போது பாதியில் நிறுத்துவது, எந்த மடிப்பில் மடிப்பது என்பதெல்லாம் இனி அவர் அதிகாரம். பிறந்தநாளுக்குக் கொடி ஏறாவிட்டால் இங்கே ஆள் பிறந்ததாகவே கணக்கில்லை. ஃப்ளெமிங் அந்த வேலையை ராணுவத் தளபதியைப் போல எடுத்துக்கொண்டார்.

போடில் வேலிக்கு மேலாக உல்லாவிடம் ஒருநாள் சொன்னார். “அவன் கைப்பிடிய என் பக்கம் திருப்பி வைக்கறதில்ல.”

“என்னது?”

“காப்பிக் கோப்பை. எப்பவும் திருப்பி வைப்பான்.”

உல்லா சிரித்தார். “ரிட்டயர் ஆன ஆம்பளைங்க அப்படித்தான் போடில். என் அண்ணன் காப்பியே போடறதில்ல.”

குடும்ப மருத்துவரிடமும் கூட்டிப்போனார் போடில். தோர்கிலின் ரத்த அழுத்தம் இளைஞனைப் போல இருந்தது. மருத்துவர் அவர்களைத் தம்பதிகளுக்கான ஆலோசகரிடம் அனுப்பினார். ஆலோசகர் மெழுகுவத்தி ஏற்றிவைத்து ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு, தோர்கில் இத்தனை ஆண்டுகளாக அடக்கிவைத்திருந்த உணர்ச்சிகளை வெளியிடத் தொடங்கியிருக்கிறார், இது வளர்ச்சி, போடில்தான் இந்தப் புதிய மனிதருக்கு இடம் கொடுக்கத் தயங்குகிறார் என்று சொன்னார். தோர்கில் அவரிடம், “உன் வாய் நாறுது” என்றார். ஆலோசகர் அதையும் வளர்ச்சியில் சேர்த்துக்கொண்டார். போடிலுக்குத் தூக்க மாத்திரை கிடைத்தது.

கோடை நடுவில் தீ மூட்டும் விழா. துணியால் செய்த சூனியக்காரியைக் கட்டைக் குவியல் மேல் வைத்துக் கொளுத்துவதற்கு முன்னால் தலைவர் பேச வேண்டும். வெளிச்சம் இன்னும் போகவில்லை, குழந்தைகள் குச்சியில் ரொட்டி மாவைச் சுற்றிக்கொண்டு நிற்கிறார்கள். தோர்கில் கூட்டத்தைப் பார்த்தார். அந்த வசந்தத்தில் கணவரை இழந்த யுட்டே முன்வரிசையில் நின்றார்.

“யுட்டே, உன் புருஷன் செத்தது நல்லதாப்போச்சு. இந்த வருஷம்தான் உன் வேலி நேரா இருக்கு.”

சிரிப்பு இந்த முறை கொஞ்சம் தாமதமாக வந்தது, ஆனாலும் வந்தது. யுட்டேவும் சிரித்தார். சங்க விதிப்படி சிரித்துவிட்டு, ஏதோ எடுக்க மறந்ததைப்போலக் குடிலுக்குள் போய் கதவைச் சாத்திக்கொண்டார். போடில் அந்தக் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றார். தட்டவில்லை. தட்டினால் யுட்டே மறுபடி சிரித்துக்கொண்டு வெளியே வரவேண்டியிருக்கும்.

கோடை முடிவதற்குள் அது நடந்தது. போடில் கொதிக்கிற உருளைக்கிழங்குப் பாத்திரத்தை இறக்கும்போது கை நழுவி அத்தனை வெந்நீரும் பாதத்தில் கொட்டியது. அவர் அலறிய அலறலில் உல்லா வேலியைத் தாண்டிக் குதித்து ஓடி வந்தார். அந்த வேலி மார்பளவு என்பது சங்க விதி; எப்படித் தாண்டினார் என்று அவருக்கே தெரியாது. உள்ளே போடில் தரையில் கிடந்தார். தோர்கில் அவரை மிதிக்காமல் ஜாக்கிரதையாகத் தாண்டி, தரையில் உருண்ட கிழங்குகளைப் பொறுக்கி, மேசையில் உட்கார்ந்து வெண்ணெய் தடவிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை, பயம் இல்லை, ஒன்றுமே இல்லை. “உப்பு இல்ல” என்றார்.

போடிலின் காலைத் தண்ணீர்க் குழாய்க்கு அடியில் பிடித்தபடி உல்லா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வுக்கூடத் தட்டில் செல்களாக மட்டும் பார்த்துப் பழகிய ஒன்று கிழங்கு தின்றுகொண்டிருந்தது. இத்தனை ஜோக்குகளுக்கும் ஒரு தீ விழாவுக்கும் பிறகு அவருக்குத் தன் படிப்பு ஞாபகம் வந்தது.

ஸ்கேனில் மூளையின் முன்பகுதி சுருங்கிப்போயிருந்தது. அடுத்தவர் வலியைத் தன் வலியாக எடுத்துக்கொள்கிற இடம், வாய் வரை வந்ததை விழுங்கவைக்கிற இடம், அதெல்லாம் அங்கேதான். ரத்தத்தில் மரபணுப் பிழையும் தெரிந்தது. அப்பாவிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்றார்கள். அப்பா! சட்டை போடாமல் தெருவில் நடந்து, பாதிரியாரை ஊர் நடுவில் திட்டி, குடிகாரன் என்று பெயர் வாங்கிச் செத்தவர். அவருடைய அடக்கத்துக்கு மகன்கூடப் போகவில்லை. அந்த மனிதர் ஒரு சொட்டுக்கூடக் குடித்தவர் இல்லை என்று தோர்கிலின் அக்கா இப்போது சொன்னார். யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

“உங்களுக்குப் பிள்ளைங்க இல்லாதது ஒரு விதத்துல நல்லதுதான்” என்றார் பெரிய ஆஸ்பத்திரியின் இளம் மருத்துவர், ஆறுதலாக. “பிள்ளைங்களுக்குப் போக பாதிக்குப் பாதி வாய்ப்பு.”

போடில் அவரைப் பார்த்தார். “ரொம்ப நன்றி” என்றார்.

செய்தி சங்கத்துக்குள் பரவியதும் ஒரு விசித்திரம் நடந்தது. தோர்கிலிடம் திட்டு வாங்கிய அத்தனை பேருக்கும் மனசு லேசாகிவிட்டது. சைக்கிள் கடைக்காரர், “அப்ப என் வயிறு பத்தி சொன்னதும் வியாதிதான்” என்று வயிற்றைத் தடவிக்கொண்டார். ஆசிரியர் தம்பதி சமாதானமானார்கள். நேற்று வரை வெளிப்படைப் பேச்சாக இருந்ததெல்லாம் ஒரே நாளில் அறிகுறியாகிவிட்டது. “எனக்கு அப்பவே தெரியும்” என்று சொல்லாதவர் யாரும் இல்லை. ஃப்ளெமிங் தற்காலிகமாகத் தலைவர் பதவியைத் திரும்ப ஏற்றார், தற்காலிகம் இன்னும் முடியவில்லை. அவர் மனைவி இன்னும் கண்ணை மூடிக்கொள்கிறார்.

உல்லாதான் அந்த மருந்துச் சோதனையைப் பற்றிச் சொன்னவர். போடிலின் குடிலில், கட்டுப் போட்ட கால் நாற்காலி மேல் இருக்க, மேசையில் இரண்டு கோப்பைகள்.

“ஒவ்வொரு செல்லுலயும் பிரிச்சு அனுப்பற ஆளுங்க இருக்காங்க போடில். சார்டிலின்னு ஒருத்தன். செல்லோட வாசல்ல நிப்பான். வர்ற புரதத்தப் பிடிச்சு இங்க போ, அங்க போன்னு தள்ளுவான். நரம்புக்கு வர்ற சேதியிலயும் அவனுக்குக் கை உண்டு. அவன் யார் கூட சேந்து நிக்கறான்கறதப் பொறுத்து, வளருன்னும் சேதி போகும், செத்துப்போன்னும் போகும்.”

“சரி.”

“மூளையக் காப்பாத்தற புரதம் ஒண்ணு இருக்கு. தோர்கிலுக்கு அது பிறவியிலேயே பாதிதான் ஊறுது. அந்தப் பாதியையும் இந்த சார்டிலின் பிடிச்சு உள்ள இழுத்துட்டுப் போய், செல்லோட குப்பைக்குழியில போட்டுக் கரைச்சிடறான். குப்பை முற்றத்துல தொட்டி பக்கத்துல நிக்கற ஆள் நல்ல நாற்காலியையும் தூக்கித் தொட்டியில போட்டா எப்படி, அப்படி. இந்த மருந்து அவன் கையக் கட்டிடும்.”

போடில் கோப்பையைக் கீழே வைத்தார்.

“தோர்கில் அந்த வேலைய முப்பது வருஷம் பாத்தான் உல்லா. நல்ல நாற்காலிய ஒருநாளும் தொட்டியில போட்டதில்ல. வேற உதாரணம் சொல்லு.”

உல்லா உதாரணத்தை விட்டுவிட்டு, சோதனைத் தாள்களை மேசையில் விரித்தார்.

“கைப்பிடி திரும்புமா?” என்று கேட்டார் போடில்.

“எலியில...”

“எலி காப்பி குடிக்காது.”

“தெரியல போடில். முயற்சி பண்ணலாம்.”

போடில் சம்மதித்தார். மாதம் ஒருமுறை தோர்கிலைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கையில் ஊசி ஏற்றி, மருந்துப் பை காலியாகும்வரை அவரை நாற்காலியில் உட்கார வைக்கவேண்டும். அதற்காக போடில் தன் கைப்பையில் லவங்கப்பட்டை ரொட்டியாக அடுக்கிக்கொண்டு போவார். செவிலியரிடம் தோர்கில் என்னென்ன சொன்னார் என்பதை எழுத முடியாது. ஒவ்வொரு ஊசிக்கும் மறுநாள் காலை போடில் சமையல் மேடையில் கோப்பையையும் காப்பித்தூளையும் எடுத்துவைத்துவிட்டு, மேசையில் உட்கார்ந்து காத்திருப்பார். சில நாள் தோர்கில் தூளைத் தின்றார். சில நாள் காப்பி போட்டுத் தானே குடித்தார். ஒரே ஒருநாள் கோப்பை போடிலின் முன்னால் வந்து நின்றது. கைப்பிடி நேராக, இரண்டு பக்கமும் இல்லாமல், சுவரைப் பார்த்து. அதை வைத்துக்கொண்டு போடில் ஒரு வாரம் உயிர்வாழ்ந்தார்.

ஒரு குளிர்கால மதியம் இளம் மருத்துவர் கூப்பிட்டனுப்பினார். கணினித் திரையை போடில் பக்கம் திருப்பினார். ஒரு கோடு மலையேறிக்கொண்டிருந்தது.

“பாருங்க போடில். அந்தப் புரதம் ரத்தத்துல இப்ப நம்ம அளவுக்கு வந்திடுச்சு. உங்க அளவு, என் அளவு. மருந்து என்ன செய்யணுமோ அத கச்சிதமா செஞ்சிருக்கு.”

“அப்போ அவன்?”

மருத்துவர் பேனாவை மூடித் திறந்தார். “நோய் போக்குல வித்தியாசம் தெரியல. அவர் ஒருத்தருக்கு மட்டுமில்ல. எல்லா ஊர்லயும். அதனால மருந்த நிறுத்தறாங்க.”

“கோடு நல்லா இருக்கு. புருஷன்தான் சரியில்ல. அப்படித்தானே?”

நல்ல பையன். தலையைக் குனிந்துகொண்டார். அதற்குள் தோர்கில் அவர் மேசை இழுப்பறையைத் திறந்து சாக்லேட்டைக் கண்டுபிடித்திருந்தார்.

உல்லா அன்று மாலையே வந்தார். வழக்கமாகச் சிரிப்பைக் கொண்டுவருகிற தொண்டையில் ஒன்றும் இல்லை. “நாங்க குப்பைக்குழின்னு நினைச்சோம்ல, ஒருவேளை அதுதான் பட்டறையா இருக்கலாம்” என்றார். “அந்தப் புரதத்துக்கு வேலையே அங்க உள்ளதான் இருந்திருக்கலாம். சார்டிலின் அத எறியல, வேலைக்கு இட்டுட்டுப் போயிருக்கான். நாங்க கையக் கட்டினதால ஆளெல்லாம் வெளிய கூட்டமா நிக்குது, உள்ள பட்டறை காலியா இருக்கு. இதுவும் ஒரு ஊகம்தான்.”

“அடுத்த ஊகத்துக்கு எத்தன வருஷம் ஆகும்?”

உல்லா காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். ஆராய்ச்சிக்காரர்களுக்குத் தோல்வி என்பது ஒரு கட்டுரை. போடிலுக்கு அதை வைத்துக்கொள்ள அலமாரி இல்லை.

இதற்குப் பிறகு தோர்கிலின் பேச்சு குறையத் தொடங்கியது. முதலில் வசவுகள் போயின. பிறகு பெயர்கள். பிறகு “உப்பு இல்ல.” அடுத்த கோடைக்கு போடில் அவரைத் தோட்டத்துக்கு அழைத்து வந்தபோது அவரிடம் சொல் ஒன்றுமே மிச்சமில்லை. குடிலுக்கு முன்னால், தான் என்றோ காப்பாற்றிக் கொண்டுவந்த நாற்காலியில் உட்கார்ந்து, பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகிறவர் வருகிறவர் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை.

சங்கம் அதைப் பார்த்தது. சங்கத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

“பாத்தியா? அமைதியா உக்காந்திருக்கான்.”

“பழைய தோர்கில்யா! அச்சு அசல்!”

“மருந்து வேலை செய்யலன்னு சொன்னாங்களே?”

“டாக்டருங்களுக்கு என்ன தெரியும். இவன நாம முப்பது வருஷமாப் பாக்கறோம்.”

யுட்டே கேக் செய்துகொண்டு வந்தார். சைக்கிள் கடைக்காரர் தோளைத் தட்டினார். முன்பு பயந்து பாதை மாறிப் போனவர்கள் எல்லாம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவரோடு அமைதியாக இருந்தார்கள். அமைதியாக இருப்பது எங்களுக்கு நன்றாக வரும்.

ஆகஸ்டில் தோர்கிலின் பிறந்தநாள். போடில் யாரையும் அழைக்கவில்லை. காலையில் அவர் காப்பி போட்டு இரண்டு கோப்பையையும் வெளியே கொண்டுவந்தபோது சங்கமே வாசலில் நின்றது. சின்னச் சின்னக் காகிதக் கொடிகள், ஸ்ட்ராபெர்ரி கேக், பாட்டு எல்லாம் இருந்தன. அங்கே பொதுக் கம்பத்தில், இஸ்திரி போட்ட சட்டையோடு ஃப்ளெமிங் கொடியை உச்சிவரை ஏற்றிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். பிறகு வந்து பேசினார், சுருக்கமாகவே. “அன்பான போடில், நம்ம தோர்கில் நமக்குத் திரும்பக் கிடைச்சதுல சங்கத்துக்கு எவ்வளவு சந்தோஷம்னு...”

போடில் ஒரு கோப்பையை எடுத்து தோர்கிலின் கையில் வைத்தார். கையைப் பிடித்து, மேசையின் இன்னொரு பக்கம் மெதுவாக நகர்த்தி, தன் முன்னால் அந்தக் கோப்பையை வைக்கவைத்தார். கையை விட்டார். காத்திருந்தார். பாட்டு முடிந்திருந்ததால் எல்லோரும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதைப் பார்க்கிறோம் என்று உல்லா ஒருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. கைப்பிடி வலது பக்கம் இருந்தது. தோர்கிலின் கை கோப்பையைத் தாண்டி யுட்டேயின் தட்டுக்குப் போய்க் கேக்கை அள்ளியது.

போடில் எழுந்தார். காலில் வெந்நீர் பட்ட இடம் இன்னும் இழுக்கும், கொஞ்சம் சாய்ந்துதான் நடப்பார். கம்பத்துக்குப் போனார். ஃப்ளெமிங்கின் ராணுவ முடிச்சை இடது கையால் அவிழ்த்தார். கொடியைப் பாதிவரை இறக்கிக் கயிற்றைக் கட்டினார்.

ஃப்ளெமிங் ஓடி வந்தார். பின்னால் நின்றவர்களில் சிலர் சிரிக்கலாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“போடில், அது சாவுக்கு.”

“தெரியும்.”

ஃப்ளெமிங் கொடியைப் பார்த்தார், நாற்காலியில் கேக் தின்றுகொண்டிருந்தவரைப் பார்த்தார், மறுபடி கொடியைப் பார்த்தார். பாவம், விதி தெரிந்த மனிதர்.

“அடக்கம் முடிஞ்சதும் முழுசா ஏத்தணும்” என்றார் தாழ்ந்த குரலில். “எப்ப ஏத்தறது?”

“சொல்றேன்” என்றார் போடில்.